கினிப்பன்றி: கண்ணில் பீளை, தட்டில் காரணம்

கினிப்பன்றி வளர்க்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் கண்ணைப் பற்றியவை பல. அவற்றையும் தீனி பற்றிய கேள்விகளையும் ஒன்றாகச் சேர்த்தே இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். இந்தப் பிராணியின் கண், பல், தீனி மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. பதில் தருபவர்கள் சிறுபிராணி மருத்துவர்கள்.

திருச்சி வாசகி: டாக்டர், எங்கள் கினி பிக்கின் கண்ணில் தினமும் பால் மாதிரி வெள்ளையாக ஏதோ வருகிறது. கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடுகிறது. பீளை என்று நினைத்துப் பன்னீரில் துடைத்துவிடுகிறேன். சரிதானா?

அது பீளை இல்லை. கினிப்பன்றி முகம் கழுவுவதற்கென்றே கண்ணில் சுரக்கும் வெள்ளைத் திரவம் அது. நாளில் சில முறை இரண்டு கண்ணிலும் சட்டென்று ஊறும். உடனே அது முன்னங்கால்களால் முகத்தைத் தேய்த்துக்கொள்ளும். ஒரு நிமிடத்துக்குள் கண் பழையபடி பளிச்சென்று இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பயப்படுகிற விஷயம்தான் இது. துடைக்க வேண்டாம். பன்னீரில் வாசனைப் பொருள் கலந்திருக்கலாம், அதனால் கண் எரியும். அதையும் விட்டுவிடுங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? அது முகத்தைத் தேய்த்துக்கொண்ட பிறகும் திரும்பத் திரும்ப ஊறினால், கெட்டியாக மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால், இமை ஒட்டிக்கொண்டால், கண்ணுக்குக் கீழே உள்ள முடி எப்போதும் ஈரமாக இருந்தால், ஒரு கண்ணில் மட்டும் வந்தால். இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே உள்ள பதில்களைப் படியுங்கள்.

கோவை வாசகர்: ஒன்றரை வயது ஆண். நேற்றிலிருந்து வலது கண்ணைப் பாதி மூடியே வைத்திருக்கிறான். கன்னத்து முடி நனைந்திருக்கிறது. இன்று காலை மஞ்சள் பீளை. அப்பாவுக்கு வாங்கிய கண் சொட்டு மருந்து வீட்டில் இருக்கிறது. இரண்டு சொட்டு விடலாமா?

விட வேண்டாம். ஒரு கண்ணில் மட்டும், திடீரென்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீர் வடிந்தால் எங்களுடைய முதல் சந்தேகம் புல்தான். கினிப்பன்றிக்குக் கண்கள் துருத்தலாகத் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. அது புல்லுக்குள் தலையை நுழைத்துத்தான் தின்னும். காய்ந்த தண்டு கருவிழியில் கீறிவிடும். புல் விதை இமைக்குள் சிக்கிக்கொண்டு, கண் சிமிட்டும்போதெல்லாம் உராயும். அந்தக் கீறலில் கிருமி ஏறினால் புண்ணாகும்.

மருத்துவர் ஃப்ளோரசின் என்ற ஆரஞ்சுச் சாயம் தோய்ந்த தாள் துண்டை நனைத்துக் கண்ணில் தொட்டுவிட்டு, நீல விளக்கில் பார்ப்பார். கருவிழியில் புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். சில நிமிட வேலைதான். இந்தச் சோதனை இல்லாமல் எந்தச் சொட்டு மருந்தையும் தொடங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணம், மனிதர்களுக்கான கண் மருந்துகள் பலவற்றில் ஆன்டிபயாடிக்குடன் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதைப் புண்ணுள்ள கருவிழியில் விட்டால் சிவப்பு குறையும். பார்ப்பவருக்குக் குணமாகிவிட்டது போலத் தோன்றும். உள்ளே புண் ஆறாமல் ஆழமாகிக்கொண்டே போய், கருவிழியில் ஓட்டையே விழலாம். அப்பாவின் மருந்துப் புட்டியில் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் திறந்து ஒரு மாதமான புட்டி எந்தக் கண்ணுக்கும் ஆகாது. தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவும் வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்வரை நீங்கள் செய்யக்கூடியது சுத்தம் செய்வது ஒன்றுதான். மருந்துக்கடையில் 0.9 சதவீத சலைன் சிறிய புட்டியில் கிடைக்கும். அது இல்லையென்றால் கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீர். பிராணியைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு நூல்விடும், அதனால் மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, பொருக்கின் மேல் ஒரு நிமிடம் ஒற்றிப் பிடித்து ஊறவிடுங்கள். பிறகு மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். காய்ந்த பொருக்கைப் பிய்க்கக் கூடாது. இமைத்தோலும் சேர்ந்து வந்துவிடும். அடுத்த கண்ணுக்கு வேறு துணி. புல் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சலைனை ஓடவிட்டுப் பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் இடுக்கியால் இழுக்க முயலாதீர்கள்.

கருவிழியில் வெள்ளை அல்லது நீலப் படலம் தெரிந்தால் அன்றே போக வேண்டும். தீனி தொடாமல் அரை நாள் கடந்துவிட்டால் இரவானாலும் போக வேண்டும். இதன் குடல் நிற்காமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டியது. கண் வலியால் சாப்பாட்டை நிறுத்திய கினிப்பன்றி, கண்ணால் அல்ல, குடல் நின்றுபோய்த்தான் இறக்கும்.

நாய், பூனைகளையே அதிகம் பார்க்கும் மருத்துவரிடம் போனால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் கினிப்பன்றிக்கு ஆகாது. குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அவை அழித்துவிட, கிளாஸ்டிரிடியம் என்ற கெட்ட கிருமி பெருகி நஞ்சு சுரந்து, கழிச்சல் கண்டு சில நாளில் உயிர் போய்விடும். உள்ளுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா போன்றவை பயன்படுகின்றன. கண்ணில் தடவும் களிம்பும் முகம் கழுவும்போது வாய்க்குள் போகும். அதனால் களிம்பு எழுதும்போதும் கேளுங்கள்.

இரண்டு சொட்டு மருந்துகள் தந்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கையைக் கொண்டுவந்து விட்டால் மிரளாது.

மதுரை வாசகி: மூன்று வயதுப் பெண். முயல் தீவனம், கேரட், வெள்ளரிக்காய், ஊறவைத்த கொண்டைக்கடலை கொடுக்கிறோம். இரண்டு வாரமாக இரண்டு கண்ணிலும் பொருக்குக் கட்டுகிறது. முடி சிலிர்த்துக் கிடக்கிறது. தூக்கினால் கத்துகிறாள். கூண்டுக்குள் நடக்கவே தயங்குகிறாள். கண்ணுக்கு என்ன மருந்து போடலாம்?

அம்மா, இது கண்ணோடு நிற்கும் விஷயமாகத் தெரியவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் தீனிப் பட்டியலில் வைட்டமின் சி ஏறக்குறைய இல்லை. நீங்கள் சொல்லும் குறிகள் எல்லாம், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி என்ற நோய்க்குப் பொருந்துகின்றன. தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாய், பூனை, முயல், எலி எல்லாம் வைட்டமின் சியைத் தங்கள் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதருக்கும் கினிப்பன்றிக்கும் அந்தத் திறன் இல்லை. அதற்குத் தேவையான கடைசி நொதி நம் இருவர் உடலிலும் கிடையாது. 1907இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தைக் கொடுத்து வளர்த்தபோதுதான் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாக ஸ்கர்வி உண்டானது. முட்டைக்கோஸும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தபோது நோய் தடைப்பட்டது. மாலுமிகளைக் கொன்ற நோயின் காரணம் புலப்பட இந்தச் சின்னப் பிராணி உதவியது. அதே தானியத் தீனியை நாம் இன்றும் அதற்குக் கொடுத்துக்கொண்டிருப்பது வருத்தமாக இருக்கிறது.

வைட்டமின் சி இல்லாவிட்டால் உடலைப் பிணைக்கும் கொலாஜன் ஒழுங்காக உருவாகாது. மூட்டுக்குள்ளும் ஈறிலும் இரத்தம் கசியும். அதனால்தான் தூக்கினால் கத்துகிறாள், நடக்கத் தயங்குகிறாள். நோய் எதிர்ப்பும் குறைவதால் கண்ணிலும் மூக்கிலும் பீளை கட்டுகிறது. அடியோடு கிடைக்காமல் போனால் சுமார் இரண்டு வாரத்திலேயே குறிகள் தெரியத் தொடங்கும்.

ஆரோக்கியமான பிராணிக்கு நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 30 மி.கி. தேவை. சினையாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ நோயிலிருந்து எழுந்தாலோ இதைவிடக் கூடுதலாக வேண்டும். 100 கிராம் வெள்ளரியில் இருப்பது சுமார் 3 மி.கி.; கேரட்டில் சுமார் 6 மி.கி. கொண்டைக்கடலையில் மாவுச்சத்துதான் அதிகம், அதை நிறுத்திவிடுங்கள். முயல் தீவனத்தில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை, முயலுக்குத் தேவையில்லை என்பதால். கினிப்பன்றிக்கென்றே விற்கும் பெல்லட் என்ற குருணைத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். ஆனால் அது வெப்பத்திலும் ஈரத்திலும் நாளாக ஆகக் குறைந்துகொண்டே போகும். தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். பெரிய மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்கும் கடையில் வாங்காதீர்கள். ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிராம் பெல்லட் போதும்.

நம் ஊரில் கிடைப்பவற்றில் நம்பகமானது குடைமிளகாய். பச்சைக் குடைமிளகாயில் 100 கிராமுக்குச் சுமார் 80 மி.கி., சிவப்பில் 120க்கு மேல். விதையையும் காம்பையும் நீக்கிவிட்டு 30 கிராம், அதாவது நடுத்தரக் காயில் கால் பங்கு கொடுத்தால் அன்றைய தேவை முடிந்தது. தினமும் கொடுக்கலாம். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மி.கி.க்கு மேல் இருக்கிறது. விதைப்பகுதியை நீக்கிய 10 கிராம் துண்டே போதும். ஆனால் இனிப்பு என்பதால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும். நெல்லிக்காயும் அதே வலிமை கொண்டது, புளிப்பினால் சிலது தொடாது. விரும்பித் தின்றால் ஒரு சின்னக் கீற்று. கொத்தமல்லித் தழை தினமும் ஒரு சிறு பிடி. முருங்கைக்கீரையில் சத்து நிறைய, சுண்ணாம்புச்சத்தும் நிறைய. ஒரு சின்ன இணுக்கு, வாரம் இரண்டு முறை. பாலக், தண்டுக்கீரை போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம். கீரை என்றாலே நல்லது என்று தினமும் அள்ளிப் போட்டால் சிறுநீர்ப்பையில் கல் சேரும்.

உங்கள் பெண்ணுக்கு இப்போது காய்கறி மட்டும் போதாது. ஸ்கர்வி கண்ட பிராணிக்குக் கிலோவுக்கு 50 முதல் 100 மி.கி. வரை தினமும் ஊசியாகவோ வாய்வழியாகவோ மருத்துவர்கள் கொடுப்பார்கள். ஒரு வாரத்துக்குள் நடையில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பல்லையும் மூட்டையும் எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். அதுவரை தூக்குவதைக் குறைத்து, தரையில் தடித்த துணி விரித்து, தீனியையும் தண்ணீரையும் அவள் படுத்திருக்கும் இடத்துக்கு அருகிலேயே வையுங்கள்.

யாழ்ப்பாணம் வாசகர்: வைட்டமின் சி சொட்டு மருந்தைத் தண்ணீர்ப் போத்தலில் கலந்து வைத்தால் இலகுவாக இருக்குமே? மல்டிவைட்டமின் கொடுக்கலாமா?

இரண்டுமே வேண்டாம். தண்ணீரில் கலந்த வைட்டமின் சி வெளிச்சம், குளோரின், உலோகக் குழாய் எல்லாம் பட்டு ஒரு நாளுக்குள் பாதிக்கு மேல் வீணாகிவிடும். சுவை மாறுவதால் சில பிராணிகள் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் அது இன்னும் மோசம். எவ்வளவு உள்ளே போயிற்று என்ற கணக்கும் உங்களுக்குத் தெரியாது. மல்டிவைட்டமினில் ஏ, டி இருக்கும். அவை உடலில் சேர்ந்து தங்கும். வைட்டமின் சி வேண்டும் என்று கூடுதலாகக் கொடுக்கப்போய் வைட்டமின் டி மிகுந்துவிட்டால் உறுப்புகளில் சுண்ணாம்பு படியும்.

தனி வைட்டமின் சி மட்டும் வாங்குங்கள். சர்க்கரையும் நிறமும் சேர்க்காத 500 மி.கி. மாத்திரையைப் பொடித்து 10 மி.லி. தண்ணீரில் கலக்கினால், ஒரு மி.லி.யில் 50 மி.கி. இருக்கும். ஒரு கிலோ எடையுள்ள பிராணிக்கு அரை மி.லி. போதும். எடுப்பதற்கு முன் குலுக்குங்கள், மாத்திரையின் மாவு அடியில் தங்கிவிடும். ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சை முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் நுழைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரேயடியாக அழுத்தினால் மூச்சுக்குழாயில் போய்விடும். மீதியைக் கொட்டிவிட்டு மறுநாள் புதிதாகக் கரையுங்கள்.

சேலம் வாசகர்: மூன்று மாதமாக இடது கண்ணில் நீர் வடிகிறது. மருந்து விட்டால் நிற்கிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. சாயம் போட்டுப் பார்த்ததில் புண் இல்லை என்றார்கள். இப்போது எடையும் 980 கிராமிலிருந்து 840 ஆகிவிட்டது.

எடையைக் குறித்து வைத்திருக்கிறீர்களே, அதுதான் இங்கே விடையைச் சொல்கிறது. கண் மருந்தை விட்டுவிட்டுப் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கினிப்பன்றிக்கு 20 பற்கள். இருபதும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் கடைவாய்ப் பற்கள் தேயும். புல் குறைந்து பெல்லட்டும் காய்கறியும் மிகுந்தால் அரைக்கும் வேலை குறையும், பல் நீளும். வாய்ப்பக்கம் நீள இடமில்லாதபோது வேர் பின்னோக்கித் தள்ளும். மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர் கண்குழியை ஒட்டி இருக்கிறது. கண்ணீர் மூக்குக்கு இறங்கும் மெல்லிய குழாயும் அந்த வழிதான் போகிறது. வேர் அதை நெருக்கினால் கண்ணீர் இறங்க வழியில்லாமல் கன்னத்தில் வடியும். வேரில் சீழ் கட்டினால் கண்ணே முன்னுக்குத் தள்ளப்படும். மருந்து விட்டால் நிற்பது மேலே சேர்ந்த கிருமி அடங்குவதால். அடைப்பு அப்படியேதான் இருக்கிறது.

வேறு என்ன பார்க்கலாம்? தட்டுக்கு ஆசையாக வந்து, வாயில் வைத்துக் கீழே போடுகிறதா? கடினமானதை ஒதுக்கி மென்மையானதை மட்டும் எடுக்கிறதா? மோவாய் ஈரமாக இருக்கிறதா? முன்பல் சரியாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கெடுவது பெரும்பாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கடைவாயில்தான். கீழ்க் கடைவாய்ப் பற்கள் உட்புறமாக வளைந்து நாக்கின் மேல் பாலம்போலப் படர்ந்துவிடும். பிறகு விழுங்கவே முடியாது.

மண்டை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மயக்கம் கொடுத்துப் பல்லைத் தேய்த்துச் சீராக்குவார்கள். நாய்க்குச் செய்வதுபோல முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போடச் சொன்னால் மறுத்துக் கேளுங்கள். இது வாந்தி எடுக்க முடியாத பிராணி; பட்டினியால் குடல் நிற்கும் ஆபத்துதான் பெரியது. வீட்டில் நகவெட்டியால் பல்லை நறுக்கினால் பல் நெடுக்காகப் பிளக்கும், செய்யவே கூடாது. வேர் வரை மாறிப்போன பல்லுக்குத் திரும்பத் திரும்பத் தேய்ப்பு தேவைப்படும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை போடுவதை எல்லா வாசகர்களும் பழக்கிக்கொள்ளலாம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில். 50 கிராம் குறைந்தால் தினமும் போட்டுப் பாருங்கள். 100 குறைந்தால் மருத்துவரிடம் போங்கள்.

நாமக்கல் வாசகி: கடையில் விற்கும் திமோத்தி என்ற உலர்புல் விலை கட்டுப்படியாகவில்லை. வைக்கோல் போடலாமா? எங்கள் தோட்டத்தில் கோ-4 புல் இருக்கிறது.

வைக்கோல் படுக்கைக்கு ஆகும், தீனிக்கு ஆகாது. புரதம் மிகக் குறைவு. திமோத்திதான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நார் மிகுந்த எந்த நல்ல புல்லும் போதும். தீனியில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக, இரவும் பகலும் தீராமல் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கினியா புல் மூன்றும் நன்றாகப் பயன்படும். பச்சைப் புல்லில் வைட்டமின் சியும் இருக்கிறது, காய்ந்ததில் மிகக் குறைவு. அதனால் உங்கள் ஊரில் தோட்டம் வைத்திருப்பது பெரிய வசதி. கோ-4 போன்ற கம்பு நேப்பியரில் ஆக்சலேட் கூடுதல். மற்றப் புல்லோடு கலந்து கொஞ்சமாகப் போடுங்கள், அதை மட்டுமே நம்ப வேண்டாம். குதிரைமசால், வேலிமசால் புல் அல்ல, பயறு இனம், சுண்ணாம்புச்சத்து அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் மட்டும்.

காயவைப்பதென்றால் பூக்கும் முன்பு அறுத்து, மெல்லியதாகப் பரப்பி, ஒரு நாளில் இரண்டு மூன்று முறை புரட்டிவிடுங்கள். தண்டை முறுக்கினால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும், சணல் சாக்கில் வையுங்கள். போடும் முன் வெளியில் உதறிவிடுங்கள், தூசு கண்ணை உறுத்தும். வேட்டியில் குத்தி ஒட்டிக்கொள்ளும் ஊசிப்புல் ஒரு தண்டுகூடக் கலக்கக் கூடாது. புல் கூடையைக் கண் உயரத்தில் தொங்கவிடாமல் தரையிலேயே குவித்துவிடுங்கள். மருந்தடித்த வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் அறுக்க வேண்டாம். புதிதாகப் பச்சைப் புல் தொடங்கும்போது ஒரு பிடியில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் கழியும்.

புதுச்சேரி வாசகர்: மரத்தூள் போட்டு வளர்க்கிறேன். இரண்டு கண்ணிலும் லேசாக நீர். தும்மல் இல்லை.

மரத்தூளை எடுத்துவிட்டுப் பழைய பருத்தித் துண்டுகளை இரண்டு அடுக்காக விரியுங்கள். தினமும் நனைந்த இடத்தை மாற்றுங்கள், வாரம் இருமுறை முழுதாகக் கழுவுங்கள். குனிந்து கூண்டின் தரையோரம் முகர்ந்து பாருங்கள். அங்கே உங்களுக்கு மூக்கில் ஏறினால், நாள் முழுவதும் அங்கேயே இருக்கும் அதற்குச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவில் கண் எரியத்தான் செய்யும். நான்கு நாளில் நீர் நிற்காவிட்டால் காட்டுங்கள். தும்மலோ மூக்கில் சளியோ சேர்ந்தால் நான்கு நாள் காத்திருக்க வேண்டாம்.

சென்னை வாசகி: கடையில் வாங்கிய ஆறு வாரக் குட்டிக்கு இரண்டு கண்ணும் சிவந்து பீளை. வீட்டில் ஏற்கெனவே ஒரு முயலும் பெரிய கினி பிக் ஒன்றும் இருக்கின்றன. ஒரே கூண்டில் விடலாமா?

இப்போது எதனுடனும் விட வேண்டாம். இந்த வயதுக் குட்டிகளுக்கு கிளமிடியா கேவியே என்ற கிருமியால் கண் நோய் வருவது வழக்கம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும். பரிசோதித்து மருந்து எழுதட்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. குட்டியைத் தனி அறையில் குறைந்தது இரண்டு வாரம் வையுங்கள். பெரியதற்கு முதலில் தீனி வைத்துவிட்டு, குட்டியிடம் கடைசியாகப் போய், கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

முயலோடு எப்போதுமே ஒரே கூண்டு கூடாது. முயலின் மூச்சுப்பாதையில் போர்டெடெல்லா என்ற கிருமி எந்த நோயும் காட்டாமல் இருக்கும். கினிப்பன்றிக்கு அதுவே நிமோனியாவாகும். முயலின் பின்னங்கால் உதை ஒன்று போதும், விலா ஒடியும். கண் குணமானதும் குட்டியைப் பெரிய கினிப்பன்றியோடு சேருங்கள். அதற்கு முன் இரண்டும் ஆணா பெண்ணா என்று மருத்துவரிடமே பார்த்துக்கொள்ளுங்கள். பெண் குட்டி ஒரு மாத வயதிலேயே சினைபிடிக்கக்கூடியது.